மலை சரிந்த இரவு



எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததை லூக்கா நற்செய்தியின் 13ஆம் பிரிவில் வாசிக்கிறோம். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்ட இயேசு, இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். அந்தக் கேள்வியோடு வட இத்தாலியின் லொங்கரோனே என்னும் சிற்றூரின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

ஆல்ப்ஸ் மலையில் பிறந்து வெனிஸ் அருகே கடலில் கலக்கும் பியாவே ஆற்றின் கரையில், பெல்லூனோ நகருக்கு வடக்கே இருக்கிறது லொங்கரோனே. மலைக்காட்டு மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்று வழியே வெனிசுக்குக் கொண்டுபோன மக்களின் பள்ளத்தாக்கு அது. பிற்காலத்தில் அப்பகுதியார் பலர் ஐஸ்கிரீம் செய்து விற்க ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போனார்கள்.

ஊருக்கு எதிரே வயோந்த் என்னும் ஓடை, குறுகிய மலையிடுக்கு வழியாகப் பியாவேயில் சேர்கிறது. அந்த இடுக்கில் மின்சாரத்துக்காக ஏறத்தாழ 262 மீட்டர் உயர அணை எழுந்தது. அணைநீரை ஒட்டி நின்ற மலையின் பெயர் தோக். அந்த மலை நகர்கிறது என்று மேலேயிருந்த எர்த்தோ ஊர் மக்கள் அஞ்சினார்கள். அவர்கள் அச்சத்தை எழுதிய தீனா மெர்லின் என்ற பெண் பத்திரிகையாளர், பொய்ச்செய்தி பரப்பியதாக வழக்கைச் சந்தித்தார். 1960இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு நவம்பரில் மலையின் ஒரு பகுதி நீரில் சரிந்தது. பின்னரும் நீர்மட்டம் ஏற்றப்பட்டது.

1963 அக்டோபர் 9, இரவு 10.39. தோக் மலையிலிருந்து சுமார் 26 கோடி கனமீட்டர் பாறையும் மண்ணும் ஒருசேர அணைநீரில் விழுந்தன. அணை உடையவில்லை, நீர் அதைத் தாண்டிப் பாய்ந்தது. சில நிமிடங்களில் லொங்கரோனே இல்லாமல் போனது. அக்கம்பக்கத்துச் சிற்றூர்களையும் சேர்த்து 1,917 பேர் இறந்தார்கள். பிராகோ என்னும் சிற்றூரில் ஆலய மணிக்கோபுரம் ஏறக்குறையத் தனியாக நின்றது. வேலைக்கு வெளிநாடு போயிருந்தவர்கள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டாரும் இல்லை.

இயற்கையின் சீற்றம் என்று அன்று பலர் எழுதினார்கள். ஆனால், அது முன்கூட்டியே அறியக்கூடிய ஆபத்துதான் என்று 1971இல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெரும் துயரம் நேரும்போது, "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சில நேரம் அது விசுவாசம். சில நேரமோ, நம் அலட்சியத்தை ஆண்டவர் தலையில் சுமத்துவது. சீலோவாம் பற்றிப் பேசிய இயேசு, உடனே மனம் மாறச் சொல்கிறார். எளியவர் ஒருவர் வந்து, "ஆபத்து இருக்கிறது" என்று சொல்லும்போது உட்கார்ந்து கேட்பதும் மனமாற்றமே.

லொங்கரோனே மக்கள் அதே இடத்தில் ஊரை மீண்டும் கட்டினார்கள். கட்டடக்கலைஞர் மிக்கெலூச்சி வடிவமைத்த புதிய ஆலயமும் அங்கே எழுந்தது. அங்கே இறந்தவர்களுக்காக நாமும் மன்றாடுவோம். எச்சரிப்பவரின் குரலைக் கேட்கும் செவியை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.