பிரம்பும் பைச் சோதனையும்

பாடசாலையின் வரலாற்றை எழுதுவோர் கட்டடங்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் எழுதுவார்கள். பழைய மாணவிகளாகிய நாங்கள் ஒன்றுகூடினால் முதலில் பேசுவதோ பிரம்பைப் பற்றித்தான். சிரித்துக்கொண்டே பேசுகிறோம். சிரிக்க முடியாத பகுதியும் அதற்குள் உண்டு.

எங்கள் காலத்தில் அடிப்பதை எவரும் குற்றமாகக் கருதவில்லை. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டமே பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுத்துவிட்டு, பெற்றாரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமையை அப்படியே விட்டு வைத்திருந்தது. “கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் சேர்” என்று சொல்லிச் சேர்த்துவிட்ட தகப்பன்மாரையும் கண்டிருக்கிறோம்.

விதிகளில் மிகக் கடுமையானது பிந்தி வருவதற்கானது. மணி அடித்ததும் கேற் பூட்டப்படும். வெளியே நிற்பவர்களுக்குக் காரணம் கேட்காமலே உள்ளங்கையில் அடி. மூதூரிலோ நேரம் எங்கள் கையில் இருந்ததில்லை. கடல் கொந்தளித்து லோஞ்ச் பிந்தினால் திருகோணமலையிலிருந்து வரும் ஆசிரியைகளும் பிந்துவார்கள்; அதை எவரும் குறையாக எடுக்கவில்லை. கட்டைப்பறிச்சான் பக்கமிருந்து வந்த பிள்ளைகள் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றார்கள். அங்கே புத்தகப்பையைக் கொட்டிக் கிளறுவார்கள். அதைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டு ஓடிவந்தால் இங்கே பிரம்பு. எங்கள் வகுப்பில் ஒருத்தி, பிந்தும் நாட்களில் பாதி வழியிலேயே திரும்பிவிடத் தொடங்கினாள். பிறகு வரவேயில்லை. வரவு இடாப்பில் அவள் பெயரைச் சிவப்பு மையால் வெட்டினார்கள். “ஏன் நின்றாள்?” என்று வகுப்பில் கேட்டபோது எங்களுக்குக் காரணம் தெரியும். சொன்னால் எங்களுக்கும் விழும் என்று பேசாமல் இருந்தோம்.

2005இல் கல்வி அமைச்சின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல்தண்டனை கூடாது என்றது. அது கோப்புக்குள் போனது. எங்கள் ஊரில் பிரம்பு குறைந்ததற்கு வேறு காரணம் இருந்ததென்றே நினைக்கிறோம். 2006 ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூரில் சண்டை மூண்டது. சனங்கள் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் அரபுக் கல்லூரியிலும் ஒதுங்கி, பிறகு கந்தளாய்ப் பக்கம் நடந்தார்கள். பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் ஊருக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். திரும்பி வந்து வகுப்புகள் தொடங்கியபோது எங்களில் சிலர் ஆசிரியைகள். ஜன்னல் காற்றில் அடித்துச் சாத்தினாலே பிள்ளைகள் மேசைக்குக் கீழே குனிந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் பிரம்பைத் தூக்கக் கை வரவில்லை. எல்லோருக்கும் வரவில்லை என்று சொல்லமாட்டோம்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் நாடெங்கும் பாடசாலைத் தவணை பிற்போடப்பட்டு, மே 6இல் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டோருக்குத் தொடங்கியது. இம்முறை கேற்றில் நின்று பை பார்த்தவர்கள் தாய்மாராகிய நாங்களே. சோற்றுப்பெட்டியையும் திறந்து பார்த்தோம். ஒரு சிறுமி, எவரும் சொல்லாமலே, இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். “இறக்கு மகள்” என்றோம். பயம் வந்தால் விதி இறுகும். அது இங்கு மட்டுமல்ல. துப்பாக்கியோடு வரும் மாணவரை ஓராண்டாவது வெளியேற்ற வேண்டுமென்று அமெரிக்காவில் 1994இல் சட்டம் வந்தது. பல பாடசாலைகள் அந்தக் கண்டிப்பைச் சின்னக் குழப்படிகளுக்கும் நீட்டின. அதனால் பாடசாலைகள் பாதுகாப்பானதற்குச் சான்றில்லை என்று அந்நாட்டு உளவியலாளர் சங்கத்தின் குழு 2008இல் எழுதியது.

இலங்கையில் 2017இல் ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததால் ஒரு மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், அவனுக்கு ஆசிரியர் 1,50,000 ரூபாயும் அரசு 5,00,000 ரூபாயும் கொடுக்கவேண்டுமென்று தீர்ப்பளித்தது. தீர்ப்பைப் பத்திரிகையில் படித்த அன்று எங்களுக்குள் தொலைபேசி ஓயவில்லை. “அந்தக் காலத்தில் இப்படி இருந்திருந்தால்” என்று தொடங்கி, எல்லோரும் வந்து நின்றது அந்த வெட்டிய பெயரில்தான்.

இம்மலருக்காகப் பழைய மாணவிகளின் பட்டியலைத் தயாரித்தபோது அவள் பெயரையும் எழுதினோம். எட்டாம் வகுப்போடு நின்றவர் பழைய மாணவியாவாரா என்று குழுவில் ஒருவர் கேட்டார். பெயர் பட்டியலில் இருக்கிறது.