செவ்வரக்குச் சிமிழும் காலிக் கல்வெட்டும்

செல்வர் ஒருவரின் சேகரிப்பில் பழைய சீனச் செதுக்கு அரக்குச் சிமிழ் ஒன்று இருக்குமானால், அதன் விலையையும் அது எந்தப் பேரரசனின் காலத்தது என்பதையும் பற்றியே பேச்சு எழுகிறது. அதைச் செய்த கைகளைப் பற்றியோ, அது கடந்து வந்த கடலைப் பற்றியோ கேட்பார் அரியர். இலங்கையராகிய நாம் இதைக் கேட்டே ஆகவேண்டும். சீன அரக்குச் சிமிழ்கள் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் தீவுக்குக் காணிக்கையாக அனுப்பப்பட்டமைக்குக் கல்லிலே சான்று உண்டு.

நம் மாத்தளைக் கைவினைஞர் கையாளும் அரக்கு, பூச்சியிலிருந்து கிடைப்பது. சீன அரக்கோ ஒரு மரத்தின் பால். தோலிற் பட்டாற் கொப்புளிக்கச் செய்யும் நச்சுப் பால். அதிற் சாதிலிங்கம் கலந்து சிவப்பேற்றி, மரச் சிமிழின்மேல் மெல்லிதாகப் பூசுவர். ஈரக் காற்றில் அது இறுகிய பின்னரே அடுத்த பூச்சு. இவ்வாறு பல பத்துப் பூச்சுகள், சிலவேளை நூற்றுக்கும் மேற்பட்டவை, ஏறிய பின்னரே உளி படும். யுவான் காலத்துக் கைவினைஞரான சாங் செங் தம் பெயரைத் தாமே சிமிழின் அடியில் ஊசியாற் கீறினார். யொங்லோ பேரரசன் (1403–1424) காலத்து அரசப் பட்டறைச் சிமிழ்களிற் காணப்படுவதோ ஆட்சிப் பெயர். அவற்றுட் பலவற்றில், பின்வந்த சுவாந்தே ஆட்சியின் பெயரை அதன்மேலேயே வெட்டிப் பொன் நிரப்பியுள்ளனர். ஆண்டவர் பெயர்மேல் ஆண்டவர் பெயர்; உழைத்தவர் பெயர் மறைந்தது.

இந்த யொங்லோ பேரரசனின் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொண்டுவந்த கல், 1911ஆம் ஆண்டு காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடக்கக் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. 1409 பெப்ரவரித் திகதியிட்ட அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையின் தென்னாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டுச் சுருள்கள், நறுமண எண்ணெய் என விரியும் சீனப் பட்டியலிற் பொன்வேலை செய்த செவ்வரக்கு நறும்புகைச் சிமிழ்கள் ஐந்தும் இடம்பெறுகின்றன.

காணிக்கையைக் கண்டு மயங்குதல் வேண்டா. அதைச் சுமந்து வந்தது படைக்கப்பல். 1411இல் இலங்கை ஆட்சியாளன் வீர அளகேசுவரன் அதே செங் ஹோவினாற் சிறைப்பட்டுச் சீனம் கொண்டு செல்லப்பட்டான். பின்னர் 1860இற் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங்கின் கோடை அரண்மனையைச் சூறையாடியபோது, சீனக் கலைச்செல்வம் ஐரோப்பியத் தனியார் பேழைகளுக்குப் பாய்ந்தது. கொடையின் பின்னும் கொள்ளையின் பின்னும் நின்றது ஆயுதமே.

ஆயினும் பேரரசன் தமிழிலும் பாரசீகத்திலும் ஏன் எழுதுவித்தான்? இத்தீவின் துறைமுகங்களில் வாணிபம் நடத்தியோர் பேசிய மொழிகளைப் புறக்கணித்து அவனால் இக்கடலிற் காலூன்ற முடியாது. அம்மக்களின் வலிமை மிகப் பழையது. கிழக்குக் கரையில், நிலாவெளிக்கு வடக்கே களப்பு கடலோடு கலக்கும் இறக்கக்கண்டியைக் கடந்து, குச்சவெளிக்கும் அப்பாற் சென்றால் திரியாய் வரும். அங்குள்ள பல்லவ கிரந்த எழுத்திலான வடமொழிக் கல்வெட்டு, கடலோடுவதில் வல்ல வணிகக் குழுவினர் அமைத்த பௌத்த வழிபாட்டிடத்தைப் பேசுகிறது. காலிக் கல்லுக்கு ஏழு நூற்றாண்டளவு முந்தியது அது.

இன்று இறக்கக்கண்டியில் தமிழரும் முஸ்லிம்களும் அதே கடலில் வலை வீசி வாழ்கின்றனர். போரையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட கரை அது. இத்தீவு ஒரே இனத்துக்கும் ஒரே சமயத்துக்கும் உரியது என்போருக்குக் காலிக் கல் விடை கூறுகிறது. மூன்று சமயங்களும் ஒரே கல்லில் இடம்பெற்றமைக்குக் காரணம் பேரரசனின் பெருந்தன்மை என்று நாம் கருதவில்லை. இங்கே கடலோடியும் உழைத்தும் வாணிபம் செய்தும் ஒருங்கு வாழ்ந்த எளிய மக்களே அதற்குக் காரணர். சிமிழின் வரலாற்றை எழுதுவோர் அதன் அடியிலுள்ள அரசப் பெயரோடு நின்றுவிடாமல், இந்த மக்களிடமும் வரவேண்டும்.