முதலெழுத்தில் மறைந்த மூதாதையர்



மதுரையில் வடக்கு மாசி வீதியைக் கடந்து வையையை நோக்கி நடந்தால் சிம்மக்கல் வரும். அங்குள்ள மாவட்ட மைய நூலகத்திற்கு நாள்தோறும் செல்லும் வழக்கமுடையேன். வாயிலில் வைத்திருக்கும் பதிவேட்டில் கையொப்பமிடுமுன், எனக்கு மேலே எழுதியுள்ள பெயர்களை ஒரு முறை படித்துவிடுவேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வருகைப் பதிவேடும் கையுமாக வாழ்ந்த ஆசிரியனுக்கு இது விடாத பழக்கம். பெயருக்கு முன் சிலர் ஓரெழுத்து எழுதுகின்றனர். சிலர் ஈரெழுத்து எழுதுகின்றனர். ஓரெழுத்தாயின் அது தந்தையின் பெயர். ஈரெழுத்தாயின் முன்னது பெரும்பாலும் ஊர். நம் மதுரையில் இன்னொரு வகையும் உண்டு. அங்கே முன்னெழுத்து ஊரையும் குறியாது, தந்தையையும் குறியாது. அது குடும்பப் பெயர்.

டி. எம். சௌந்தரராஜன் என்னும் பெயரை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். மதுரையிற் பிறந்து, பல்லாயிரம் பாடல்கள் பாடி, 2013ஆம் ஆண்டில் மறைந்தவர். அவர் தந்தையார் மீனாட்சி அய்யங்கார். ஆகவே 'எம்' விளங்குகிறது. 'டி' யாது? தொகுளுவா என்பது அவர்தம் குடும்பப் பெயர். 'மதுரைக் காந்தி' எனப் போற்றப்பெற்ற என். எம். ஆர். சுப்பராமன் அவர்களின் 'என்' என்பது நாட்டாண்மை. இவ்விருவரும் மதுரையின் சௌராஷ்டிர மக்கட் பிரிவைச் சார்ந்தவர்கள்.

திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் இம்மக்கள் வழிவழியாக வாழ்கின்றனர். பட்டு நூல்காரர் என்பது இவர்களுக்குப் பழைய வழக்கில் அமைந்த பெயர். சாயமேற்றுமுன் நூலால் முடிந்து முடிந்து புள்ளி வைக்கும் சுங்குடிச் சேலை இவர்கள் கைவண்ணம்; 2005ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டில் பேசும் மொழியோ தமிழன்று. தண்ணீரைப் 'பாணி' என்பர். இம்மொழியைத் தாய்மொழியாகக் குறித்தோர் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2,47,000 பேர். குஜராத்திக்கும் மராத்திக்கும் உறவான மொழி. அதன்மேல் தெலுங்கும் கன்னடமும் தமிழும் படிந்திருக்கின்றன. ஆற்று மணலைத் தோண்டினால் ஒவ்வொரு வெள்ளமும் விட்டுச் சென்ற படிவு தனித்தனியே தெரிவதுபோல, இம்மக்கள் தங்கிய நாடுகள் அம்மொழியில் அடுக்கடுக்காகத் தெரிகின்றன.

இவர்கள் ஏன் புறப்பட்டனர்? 1025-26இல் கஜினி மாமூது சோமநாதபுரத்தைச் சூறையாடியதே காரணம் என்று பலரும் எழுதுவர். அதனை முழுக் காரணமாகக் கொள்ள என் மனம் இசையவில்லை. மாளவ நாட்டு மாண்டசோரில், அன்றைய தசபுரத்தில், வடமொழிக் கல்வெட்டொன்று உள்ளது. லாட நாட்டிலிருந்து, அதாவது இன்றைய தென் குஜராத்திலிருந்து, பட்டு நெசவாளர் கூட்டமொன்று அங்கே குடியேறிச் சூரியனுக்குக் கோயிலெடுத்த செய்தியை அது கூறுகிறது. கோயில் எழுந்தது 436ஆம் ஆண்டளவில். பழுது பார்த்தது 473இல். தசபுர மன்னரின் நற்குணங்களால் ஈர்க்கப்பட்டு வந்தனர் என்கிறதேயன்றி, அக்கல்வெட்டு படையெடுப்பைக் காரணமாகச் சொல்லவில்லை. வந்தவருள் சிலர் வில்லாளிகளாயினர், சிலர் சோதிடராயினர் என்றும் சொல்கிறது. இவர்களே நம் மதுரை மக்களின் நேர் முன்னோர் என அறுதியிட இயலாது. எனினும் பட்டு நெய்வோர் நல்ல அரசையும் சந்தையையும் தேடி நெடுந்தொலைவு பெயர்வர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. யாதவரின் தலைநகரான தேவகிரி, 1336இல் தோன்றி 1565இல் தலைக்கோட்டைப் போரோடு சரிந்த விஜயநகரம், பின்னர் நாயக்கரின் மதுரை என இவர்கள் சொல்லும் வழியும் அத்தகையதே.

இவ்வழியை இவர்கள் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. திருமணத்தில் ஓதி வைத்தனர். நிச்சயதார்த்தத்தில் மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் வினாவும் விடையுமாகத் தம் முன்னோர் புறப்பட்ட நாட்டையும், தங்கிய நகரங்களையும் சொல்வது பழைய முறை. தலைமுறைதோறும் ஒரு முறையேனும் அவ்வரலாறு நாவிற் புரண்டது.

மேனாட்டார் இதில் கொடுத்து வைத்தவர்கள். 1683இல் ஜெர்மனியின் கிரெபெல்ட் நகரிலிருந்து பதின்மூன்று குடும்பத்தார் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிற்குக் கப்பலேறினர். அவர்களுள்ளும் நெசவாளர் பலர்! 1727 முதல் அங்கு வந்திறங்கிய ஜெர்மானியர் பெயர்களைக் கப்பல் வாரியாகப் பதிந்து, விசுவாசப் பிரமாணமும் வாங்கினர். எழுத்தர்கள் ஆங்கிலேயர், காதில் விழுந்தவாறு எழுதினர். நாளடைவில் மாவரைப்போன் எனப் பொருள்படும் முல்லர் மில்லராயினார். கொல்லராகிய ஷ்மிட் ஸ்மித்தாயினார். 1741இல் வந்த ஐசன்ஹவர் என்னும் குடும்பத்தின் பெயருக்கு இரும்பு வெட்டுவோன் என்று பொருள். அவ்வழியில் வந்தவரே 1953 முதல் 1961 வரை குடியரசுத் தலைவராயிருந்த ஐசனோவர். பெயர் திரிந்தாலும் பட்டியல் நின்றது. ஆதலின் இன்றும் ஒருவர் தம் பாட்டனாருக்குப் பாட்டனார் எந்தக் கப்பலில், எந்த நாளில் வந்தார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

கால்நடையாக வந்தவர்க்கு யார் பட்டியல் எழுதுவர்? மதுரையில் இவர்களைக் குறிக்கும் பழைய ஆவணங்களுள் பேர்பெற்றது 1705ஆம் ஆண்டினது. உபாகர்மம் செய்த பதினெண்மர் சிறைப்பட்டு, அவ்வுரிமை இவர்க்குண்டா என்ற வழக்கு எழ, இராணி மங்கம்மாள் அறிஞர் அவை கூட்டி ஆராய்ந்து, உண்டென்று ஓலை கொடுத்த செய்தி அது. அது சமூகத்தின் ஆவணம். தனித்தனிக் குடும்பத்திற்கோ பெயரொன்றே ஆவணம். தலைவரைக் குறித்த கௌண்டன், மூத்தோரைக் குறித்த சௌலின், மருத்துவரைக் குறித்த பெயர் என முற்காலப் பிரிவுகளும் பெயர்களிலே தங்கின.

பெயர் நிற்கும் இடமும் வரலாறு பேசும். சௌராஷ்டிர நாட்டுப் போர்பந்தரிற் பிறந்த காந்தியடிகள் 1921இல் நம் மேலமாசி வீதியில் தங்கியபோதுதான் அரையாடை பூண்டார் என்பது நீங்கள் அறிந்ததே. மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி: தம் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர். தொகுளுவா மீனாட்சி அய்யங்கார் சௌந்தரராஜன்: குடும்பப் பெயர், தந்தை பெயர், தம் பெயர். வரிசை நேர்மாறாயிற்று! வீட்டுப் பெயரை முன்னே வைப்பது தெலுங்கு நாட்டு வழக்கம். விஜயநகர வாழ்வு இப்பெயர் வரிசையில் பதிந்திருக்கிறதென்றே நான் கருதுகிறேன்.

இவ்வளவும் சொல்லும் நான் இதில் குற்றமற்றவன் அல்லேன். தலைமையாசிரியனாயிருந்த நாளில், சேர்க்கைப் பதிவேட்டின் கட்டம் சிறிது, பெயரோ நெடிது என்று, "முதலெழுத்துப் போதும்" என எழுத்தரிடம் நானே சொன்னேன். ஈரெழுத்து இருந்தால் தேர்வுத் தாளில் குழப்பம் என்று சிலருக்கு முன்னெழுத்தையும் நீக்கச் செய்தேன். பெற்றோர் ஒருவரும் மறுக்கவில்லை. தலைமையாசிரியர் சொன்னால் மறுப்பார்களா?

ஓய்வு பெற்ற பின் பழைய மாணவரொருவர் வந்தார். வடநாட்டில் நெடுங்காலம் பணிபுரிந்தவர். மகளுக்கு மணம் பேசப் போன இடத்தில், "உங்கள் வீட்டுப் பெயர் என்ன?" என்று வினவினராம். இவருக்கு 'கே' என்பது மட்டுமே தெரியும். தந்தை காலமாகிவிட்டார். "ஐயா, பள்ளிப் பதிவேட்டில் முழுப் பெயர் இருக்குமே" என்று நம்பிக்கையோடு என்னிடம் கேட்டார். இருவரும் பள்ளிக்குச் சென்று பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பிரித்தோம். அவர் பெயருக்கு முன் 'கே' கூட இல்லை. ஓரத்தில் என் சுருக்கொப்பம் இருந்தது.

பிறகு மகால் பக்கத்துச் சந்தொன்றில், எண்பது கடந்த அத்தையார் ஒருவர் இருப்பது அவர் நினைவுக்கு வந்தது. அன்று மாலையே சென்றோம். அம்மையார் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், தம் திருமணத்தில் பெரியவர்கள் ஓதிய வினாவிடையையும் தொடங்கினார். நாலைந்து அடி சென்றதும் மறந்துபோயிற்று. சற்று நேரம் கண்ணை மூடியிருந்தார். "அடுத்தது எங்க அண்ணனுக்குத்தான் தெரியும்" என்றார். அந்த அண்ணனே என் மாணவரின் தந்தை.