தூத்துக்குடித் தோணியும் கரைக்கடல் வாணிகமும்

கி. பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பெரிப்புளூசு என்னும் கடற்பயண நூல், தமிழகத்தின் கீழைக் கரையில் கமரா, பொதுகா, சோபட்மா என்னும் மூன்று துறைகளைக் கூறி, அங்கு வழங்கிய கலங்களையும் வகைப்படுத்துகிறது. மரங்களைப் பிணைத்து அமைத்த பெருங்கலங்களுக்குச் 'சங்கரா' என்றும், கங்கைக்கும் கீழைப் பொன்னாட்டுக்கும் சென்ற கலங்களுக்குக் 'கொளந்தியா' என்றும் அது பெயர் தருகிறது. கரையை ஒட்டி ஓடி மேலைத் துறைகளை எட்டிய உள்நாட்டுக் கலங்களையும் அது மறவாமல் குறிக்கிறது. ஆயின் அவற்றிற்கு மட்டும் பெயர் கூறவில்லை.

அன்று பெயர் பெறாத அக்கலம் பின்னரும் வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. தமிழர் கடலாட்சி பற்றி எழுதுவோர் 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் கடாரத்தின்மேல் செலுத்திய படையை விரித்துரைப்பர். அதன்பின் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளைத் தாண்டி, 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் தோற்றுவித்த சுதேசி நாவாய்ச் சங்கத்திற்கு வந்து சேர்வர். இடைப்பட்ட காலத்தில் தமிழர் கடலையே மறந்திருந்தனர் போலும் என்று கற்பவர் எண்ணுதற்கு இதனால் இடமுண்டாகிறது. அவ்வெண்ணம் பிழையாகும். அரசரின் நாவாய்கள் மறைந்த காலத்தும் சிறு வணிகரின் சரக்குத் தோணிகள் ஓடிக்கொண்டிருந்தன. தமிழரின் கடல் தொழில் அறுபடாமல் வந்தது அத்தோணிகளாலேயே என்பதை இக்கட்டுரையில் காட்ட முயல்கிறோம்.

நாம் வாழும் வடக்குத்து, நெய்வேலிச் சுரங்கத்தை அடுத்த உள்நாட்டு ஊர். மண்ணுக்கடியிலுள்ள பழுப்பு நிலக்கரியே இங்குள்ளார் வாழ்வுக்கு அடிப்படை. எனினும், கிழக்கே சென்றால் கடலூர்த் துறையும், தென்கிழக்கே சென்றால் வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டையும் உள்ளன. இரண்டும் பழைய வாணிகத் துறைகள். பெருங்கப்பல் கரையை அணுக இயலாமல் கடலூருக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, சிறு கலங்கள் சென்று சரக்கை இறக்கி ஆற்றுவழியே கரைக்குக் கொணர்ந்தன. இத்தொழிலைப் பிற்காலம் வரையில் காணக்கூடியதாயிருந்த துறை தூத்துக்குடி. ஆதலின் அத்துறையின் தோணியையே ஈண்டு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறோம்.

தோணி என்னும் சொல் பழமையானது. புறநானூற்றின் 343-ஆம் பாட்டில் பரணர் முசிறித் துறையைக் காட்டுகிறார். மரக்கலங்கள் கொணர்ந்த பொன், கழியில் இயங்கும் தோணிகளால் கரை சேர்க்கப்பட்டது என்பது அவர் தரும் செய்தி. பெருங்கலம் அப்பால் நிற்கும். தோணியே கரைக்கு வரும். பட்டினப்பாலையோ வேறொரு செய்தியைத் தருகிறது. உப்பை விற்று அதற்கு ஈடாக நெல்லை ஏற்றி வந்த படகுகளை அது கூறுகிறது. ஒரு சரக்குக் கலத்தின் வாழ்வு இவ்விரு செய்திகளிலும் அடங்கியுள்ளது. பெரிய கலத்திற்கும் கரைக்கும் இடையே நின்று உதவுவது ஒன்று. ஒரு துறையில் மிகுந்ததை அது குறைந்த துறைக்குக் கொண்டுசென்று, வெறுங்கலமாய்த் திரும்பாமல் மீள்சரக்குடன் வருவது மற்றொன்று. தூத்துக்குடித் தோணி இவ்விரு தொழிலையும் இருபதாம் நூற்றாண்டிலும் செய்தது.

கலத்தின் அமைப்பு

தோணியைக் கட்டுவோர் ஓடாவியர் எனப்பட்டனர். வரைபடம் இன்றி, கண்ணளவும் கையளவும் கொண்டு, தந்தையிடம் மகன் கற்ற முறையில் அவர்கள் தொழில் செய்தனர். எனினும் இக்கலைக்கு ஏட்டு வழக்கு இல்லாமற் போகவில்லை. 'கப்பல் சாத்திரம்' என்னும் சுவடி 1950-ஆம் ஆண்டில் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வெளியீடாக அச்சேறியது. கலத்திற்குரிய அளவுகளையும் அவற்றால் விளையும் நற்பலன் தீப்பலன்களையும் அது கூறுகிறது. அளவோடு பலனையும் சேர்த்துக் கூறுவதைப் பொருளற்ற நம்பிக்கை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. அளவு பிழைத்தால் கலம் கவிழும் என்பதை மாணவன் மறவாதிருக்கச் செய்யும் வழியாகவும் அது பயன்பட்டிருக்கலாம்.

கலத்தின் அடிமரம் ஏரா, முன்பகுதி அணியம், பின்பகுதி அமரம். பின்பகுதியில் இருந்து கலத்தைச் செலுத்துவோன் அமரக்காரன். பலகைகளின் இடைவெளியை அடைத்து நீர் புகாமல் காக்கும் பணி கலப்பற்று. இச்சொல்லைக் கலம், பற்று என்று பிரித்துப் பொருள் கொள்ளத் தோன்றும். உண்மையில் அது அரபு, போர்த்துகீசிய மொழிகளில் அத்தொழிலுக்கு வழங்கும் சொல்லோடு உறவுடையது. சுக்கான், மாலுமி என்பனவும் அரபிலிருந்து வந்தன. நங்கூரம் பாரசீகச் சொல்லின் திரிபு.

இச்சொற்களை நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. கலத்தின் உடலுறுப்புகளுக்குரிய ஏரா, அணியம், அமரம், பாய் என்பன தமிழ் வழக்கில் நிலைத்தன. பல நாட்டார் கூடித் தொழில் செய்த இடத்தில் பொதுவாய் வழங்கிய சொற்கள் அவற்றோடு சேர்ந்தன. வேற்றுச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட தோணிக்காரன், தன் சொல்லையும் கைவிடவில்லை. கல்வெட்டு இல்லாத ஒரு தொழிலுக்கு இச்சொற்களே கல்வெட்டாகும்.

தண்டலும் காற்றும்

தோணியின் தலைவன் தண்டல். அவன்கீழ்ப் பணியாளர் சிலரும், சமையலுக்குரிய பண்டாரியும் இருந்தனர். தண்டல் கற்ற பள்ளி கடலே. நீரின் நிறம், விண்மீன், கரையிலுள்ள கோபுரமும் மாதா கோவிலும் பனந்தோப்பும் அவனுக்கு வழிகாட்டின. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். தெற்கிலிருந்து வருவது சோழகம். இலக்கியம் கற்கும் நாம் வாடையைத் தலைவன் பிரிவோடு சேர்த்து நினைக்கிறோம். தண்டலுக்கு அது பாயை விரிக்கும் காலத்தைக் குறித்தது.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 150 கடல்மைல். காற்று வாய்த்தால் விரைவில் எட்டலாம். காற்று மாறினால் நாள்கள் நீளும். தென்மேற்குப் பருவக்காற்று கடுமையாக வீசும் மாதங்களில் தோணிகள் தொழிலை நிறுத்திக் கரையில் நிற்கும். பலகை மாற்றுதலும், கலப்பற்றுச் செய்தலும், எண்ணெய் பூசுதலும், பாய் தைத்தலும் அக்காலத்தில் நடைபெறும். உழவனுக்குக் கோடை எவ்வாறோ அவ்வாறே தோணிக்காரனுக்கு அம்மாதங்கள்; கையில் வேலை உண்டு, வருவாய் இல்லை. பாயின் காலம் மீண்டதும் வெங்காயம், மிளகாய் வற்றல், உப்பு, ஓடு முதலியவற்றை ஏற்றிக்கொண்டு தோணிகள் மீண்டும் புறப்படும். கொழும்பு நகரத்துச் சமையலறை தூத்துக்குடித் தோணியின் வரவை நோக்கியிருந்த காலம் ஒன்று உண்டு.

நீராவிக் கப்பலும் தோணியும்

நீராவிக் கப்பல் வந்தபோது பாய்க்கலம் அழிந்தது என்பது பொதுவாகக் கூறப்படும் முடிபு. தூத்துக்குடியின் வரலாறு இதனை அவ்வாறே ஏற்கவில்லை. பழைய துறைமுகத்தில் நீர் ஆழமில்லை; நீராவிக் கப்பல்கள் கரைக்கு ஐந்து மைல் அளவு அப்பால் நிற்க வேண்டியிருந்தது. அவற்றின் சரக்கு முழுவதும் தோணிகளிலேயே ஏறி இறங்கியது. வெள்ளையரின் கப்பலாயினும், சிதம்பரனாரின் சங்கம் வாங்கிய 'காலியா', 'லாவோ' என்னும் கப்பல்களாயினும், சிறு கலத்தின் உதவியின்றி அத்துறையில் இயங்குதல் அரிது. பரணர் கண்ட முசிறிக் காட்சியே ஈராயிரம் ஆண்டு கழித்துத் தூத்துக்குடியில் நிகழ்ந்தது எனலாம். நீராவிக் கப்பல் தோணியை வெல்லவில்லை. அதனை வேண்டி நின்றது.

தோணியின் இறக்கத்திற்குக் காரணம் வேறு. ஆழ்கடல் துறைமுகம் கட்டப்பெற்று, 1974-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல்கள் கரையை அணைந்தே நின்றன. இடையில் நின்ற தோணிக்கு அங்கு வேலை குறைந்தது. 1983-ஆம் ஆண்டில் இலங்கையில் மூண்ட போர், கொழும்பு வாணிகத்தைத் தளர்த்தியது. பின்னர்ச் சரக்குப் பெட்டகங்கள் பெருகின. தோணிகள் பொறி பூட்டிக்கொண்டு மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் சென்றன. 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம், பாய் மட்டுமே கொண்டு ஓடத்தக்க கலத்தைப் பொறி பூட்டியிருப்பினும் 'பாய்க்கலம்' என்றே வகுத்தது. ஆயின் தோணியில் பொறி ஏற ஏறப் பாய் சுருங்கியது. பாய் சுருங்கவே, அதனைச் சார்ந்த அறிவும் சொல்லும் சுருங்கின. தோணி முற்றும் மறையவில்லை. அதனை ஓட்டிய கலையே பெரிதும் மறைந்தது.

அன்னபூரணியின் சான்று

இக்கலையின் திறத்திற்கு ஒரு சான்று கூறுதல் தகும். மன்னார்க் கடலுக்கு வடக்கே, பாக்கு நீரிணையின் மறுகரையில், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். 1930-ஆம் ஆண்டில் அங்குக் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கலம் 89 அடி நீளமுடையது. உலகத்தைச் சிறு படகில் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் இராபின்சன் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரை அதற்கு இட்டார். செங்கடல், சூயசு, மத்தியதரைக் கடல், அட்லாண்டிக்கு ஆகியவற்றைக் கடந்து, 1938-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அது மாசச்சூசெட்சு மாநிலத்தின் குளூசெசுட்டர் துறையை அடைந்தது. அதில் வல்வெட்டித்துறைத் தமிழர் ஐவர் பணிபுரிந்தனர். ஊர் ஓடாவியர் கட்டிய சரக்குக் கலம் பெருங்கடலையும் தாங்கியது.

இங்கும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்னபூரணி அமெரிக்கா சென்றதனால் பெயர் பெற்றது. அதற்கு முன் அது சரக்கேற்றி உழைத்த ஆண்டுகளை யார் நினைக்கின்றனர்? அதனோடு அக்காலத்தே ஓடி, எங்கும் சென்று புகழ் பெறாமல், ஊருக்கு அரிசியும் ஓடும் கொணர்ந்து, இறுதியில் கரையில் கிடந்து உளுத்த கலங்கள் எத்தனை? பெரிப்புளூசு எழுதியவர் கரையோரக் கலத்திற்குப் பெயர் தராமல் விட்டதும், நாம் அன்னபூரணியின் ஒரு பயணத்தை மட்டும் போற்றுவதும் ஒரே போக்கின் இரு நிலைகள். வியப்புக்குரியதை வரலாறு பதிகிறது; நாள்தோறும் நிகழ்வதை விட்டுவிடுகிறது. நாட்டை வாழ்வித்ததோ நாள்தோறும் நிகழ்ந்ததே.

செய்யத்தக்கது

சென்னைப் பல்கலைக் கழகம் 1924 முதல் வெளியிட்ட தமிழ் லெக்சிகன் ஏரா, அணியம், அமரம் முதலிய சொற்களைக் குறித்து வைத்தது. அது பெரும்பணி. ஆயின் அகராதி, சொல்லின் பொருளைத் தருமேயன்றி, அச்சொல்லைக் கையாண்ட கை எவ்வாறு இயங்கியது என்பதைத் தராது. காற்று மாறும்போது பாயை மறுபுறம் திருப்பத் தண்டல் எச்சொல்லால் ஏவினான், ஓடாவி முதல் மரத்தை நாட்டும்போது எதனைக் கூறினான் என்பன இன்னும் சிலர் நினைவில் மட்டுமே உள்ளன. அவர்கள் முதியவர்கள்.

தமிழ்த் துறைகள் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்ததுபோல, இம்முதியோரையும் தேடிச் சென்று கேட்டு எழுதுதல் கடன் என்று கருதுகிறோம். கடலூர், பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி என ஒவ்வொரு துறையிலும் ஒரு மாணவர் ஓராண்டு தங்கினாலும் பெரும்பயன் விளையும். அவ்வாறு செய்யாவிடின், கழித்தோணி என்று பரணர் பாடியதற்கு உரை எழுத நம்மிடம் நூல்கள் இருக்கும். தோணியை அறிந்தவர் எவரும் இரார்.