திருமலையில் துறைமுகம் இருக்கு, கடல் எங்கே?

1987 ஜூலை 29. கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்த்தனவும் இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அதோடு பரிமாறிய கடிதங்களில் திருகோணமலை பெயர் சொல்லியே வருகிறது. இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் துறைமுகத்தைக் கொடுக்கக்கூடாது, எண்ணெய்க் குதங்களை இரண்டு நாடும் சேர்ந்து திருத்த வேண்டும். இந்தக் கதை எங்கட ஆட்கள் எல்லாருக்கும் தெரியும்.

அதே நாளில் கடலில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. கொழும்பிலிருந்து வெளிக்கிட்ட ‘ஜொய்டெஸ் ரெசலூஷன்’ என்ற துளையிடும் கப்பல், இலங்கைக்குத் தெற்கே சுமார் 800 கிலோமீற்றர் தள்ளி, நாலரைக் கிலோமீற்றரிலும் ஆழமான கடலின் தரையைத் துளைத்துக்கொண்டு நின்றது. குழாய்க்குள் மேலே வந்தது பெரும்பாலும் சேறுதான். இமயமலையிலிருந்து கங்கையும் பிரம்மபுத்திராவும் அரித்துக்கொண்டு வந்து, வங்காள விரிகுடாவின் அடியில் தெற்கு நோக்கிப் படிந்துபோன சேறு. ஆக அடியில் கிடந்தது ஏறக்குறைய 1 கோடியே 70 இலட்சம் வருடம் பழசு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் என்று பாடமாக்குகிற வரலாற்று மாணவருக்கு இந்தக் கணக்கு தலைசுற்றும். எனக்குச் சுற்றியது.

திருமலைக் கடலை எப்பவும் துறைமுகமாக மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டது, பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள், 1957இல் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது, எல்லாம் அந்த வகைதான். துறைமுகம் ஏன் இவ்வளவு ஆழம் என்று கேட்டால் கதை வேறு பக்கம் திரும்பும். மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே கடலுக்கடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு தொடங்குகிறது. அது ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்கிப் போகிறது. கரைக்கு இவ்வளவு கிட்ட திமிங்கிலம் வருகிறதுக்கும் அந்த ஆழம் ஒரு காரணம். 1980களின் தொடக்கத்தில் ஹால் வைற்ஹெட் குழுவினர் ‘ரியூலிப்’ என்ற சின்னப் பாய்மரப் படகில் இங்கே வந்து, தண்ணீருக்கடியில் ஒலிவாங்கி இறக்கி, ஸ்பேர்ம் திமிங்கிலங்களின் சத்தத்தைக் கேட்டே அவற்றைப் பின்தொடர்ந்தார்கள். யுத்தம் மூண்டது, அந்த வேலையும் நீளவில்லை. பிறகு இந்தக் கடலில் மீனவர்கூட நினைத்த நேரம் இறங்க முடியாத காலம்.

துளையிட்ட அதே ரெசலூஷன் கப்பலில்தான் 2005இல் புதுவிதமாக ஒன்று நடந்தது. கனடாவின் விக்டோரியாவிலிருந்து மெக்சிக்கோவின் அகபுல்கோவுக்குப் போகிற பயணத்தில் விஞ்ஞானிகளோடு பள்ளிக்கூட ஆசிரியர்களையும் ஏற்றினார்கள். பெயர் ‘ஸ்கூல் ஒஃப் ரொக்’. ரீச்சர்மாருக்கு லெக்சர் மட்டும் வைத்து அனுப்பவில்லை. சேற்றுத் தூண்களைக் கையில் கொடுத்தார்கள்: நிறம் பாருங்கள், படையைக் குறியுங்கள், நுணுக்குக்காட்டியில் பாருங்கள், என்ன நடந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பல வருடம் இப்படி ஆசிரியர்களைக் கூட்டினார்கள். 2024இல் கப்பலின் பணியே முடிந்துவிட்டது.

ஆசிரியர் ஏன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்? புத்தகம் போதாதா? 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். புக்கெற் கடற்கரையில் ரில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துப் பிள்ளை, இரண்டு கிழமைக்கு முதல் புவியியல் வகுப்பில் படித்ததை வைத்துக் கடலின் மாற்றத்தைப் புரிந்துகொண்டு ஆட்களை எழுப்பி அனுப்பினாள். அந்தக் கதையோடு “கடல் முதல்ல உள்வாங்கும், அப்ப ஓடுங்கோ” என்ற விதியும் உலகம் முழுக்கப் பரவியது. அந்த விதி தாய்லாந்துக் கரைக்குச் சரி. நிலநடுக்கப் பிளவின் கிழக்குப் பக்கத்தில் கடற்தரை தாழ்ந்தது, அதனால் அங்கே தண்ணீர் முதலில் வற்றியது. மேற்குப் பக்கத்தில் தரை உயர்ந்தது. அதனால் இலங்கைக்கு முதலில் வந்தது அலையின் முகடுதான். வற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றால் எங்கட கரையில் நேரமே இருந்திருக்காது. நிலம் அதிர்ந்து அலை வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த நேரத்தை எப்படிப் பாவிக்கிறது என்று சொல்லித் தர எங்களுக்கு ஆளும் இல்லை, எச்சரிக்கை ஏற்பாடும் இல்லை.

இன்னொரு கரைக்கு எழுதிய பாடத்தை மனப்பாடம் பண்ணுகிறதில் உள்ள ஆபத்து இதுதான். ரீச்சர் தானே படையைப் பார்த்திருந்தால் “இது எங்கட கரைக்கும் பொருந்துமா?” என்று கேட்டிருப்பா.

1987இல் எடுத்த அந்தச் சேற்றுத் தூண்கள் இப்போது கோச்சியில் இருக்கின்றன (கேரளத்துக் கொச்சி இல்லை, ஜப்பானிலுள்ள கோச்சி). அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அம்பாந்தோட்டையின் கரகன் களப்பில் ஆய்வாளர்கள் குழாய் இறக்கி, 2004க்கு முந்திய கடற்கோள்கள் கொண்டுவந்து போட்ட மணற்படைகளை எடுத்திருக்கிறார்கள். சேறு, மணல், திரும்பச் சேறு. திருமலை மாவட்டத்திலும் களப்புகளுக்குக் குறைவில்லை. நாலு பாடசாலை ஆசிரியர்களும், ஒரு பி.வி.சி. குழாயும், அடித்து இறக்க ஒரு சுத்தியலும், இரண்டாகப் பிளந்து பார்க்க ஒரு வாளும் இருந்தால் ஒரு சனிக்கிழமையில் தொடங்கலாம்.