பூசைக்கு முந்திய அரை மணி நேரம்

கத்தோலிக்கர் நெடுங்காலமாகப் 'பாவசங்கீர்த்தனம்' என்று சொல்லிவந்ததை இன்றைய தமிழ் வழிபாட்டு நூல்கள் 'ஒப்புரவு அருட்சாதனம்' என்கின்றன. எங்கள் வீட்டில் பழைய பெயர்தான் இன்னும் புழங்குகிறது. இங்கும் அதையே எழுதுகிறேன். குருவானவரிடம் தனித்துச் சென்று பாவங்களைச் சொல்லி, அவர் விதிக்கும் பரிகாரத்தை ஏற்று, மன்னிப்புப் பெறுவதே அது. ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைச் செய்யவேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது.

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. கனடாவில் நான் போகும் பங்குக் கோவிலில் சனிக்கிழமை 5 மணிப் பூசைக்கு முன், 4.15 முதல் 4.45 வரை பாவசங்கீர்த்தனம் கேட்பார்கள். வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றால் ஆளுக்கு இரண்டரை நிமிடம். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வருபவர் ஒருவர் முன்னால் நின்றுவிட்டால் அந்தக் கணக்கும் போயிற்று. அவரை அவசரப்படுத்துவது நியாயமில்லை. சுவாமியார் ஒருவரே என்பதால் அவர் எழுந்துபோய்ப் பூசை உடுப்பு அணியவும் வேண்டும். மிஞ்சியவர்கள் அப்படியே பூசைக்குப் போய் அமர்கிறார்கள்.

அப்படி அமர்ந்தவர் நன்மை வாங்கலாமா? சாவான பாவம் இருப்பதாக அறிந்தவர் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நற்கருணை உட்கொள்ளலாகாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 916ஆம் விதி. கனமான காரணம் இருந்து, பாவசங்கீர்த்தனத்துக்கு வாய்ப்பும் இல்லையென்றால் மட்டுமே விலக்கு உண்டு. அப்போதும் உத்தம மனஸ்தாபப்பட்டு, இயன்ற விரைவில் பாவசங்கீர்த்தனம் செய்வதாக உறுதி கொள்ளவேண்டும். அற்பப் பாவங்களுக்கு இந்தத் தடை இல்லை.

முன்பு இது இவ்வளவு வெளிப்படையாகத் தெரியவில்லை. நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவரே நன்மை வாங்கலாம் என்றிருந்த காலத்தில், ஒருவர் இருக்கையை விட்டு எழாவிட்டால் காலையில் ஏதோ குடித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளலாம். 1905இல் பத்தாம் பத்திநாதர் அடிக்கடி நன்மை வாங்குமாறு ஊக்குவித்தார். தண்ணீர் நோன்பை முறிக்காது என்று 1953இல் ஆயிற்று. உணவுக்கான நோன்பு 1957இல் 3 மணி நேரமாகவும், 1964இல் 1 மணி நேரமாகவும் சுருங்கியது. நல்ல மாற்றங்கள்தாம். ஆனால் வரிசை முழுவதும் எழுந்து போகும்போது தனியே அமர்ந்திருப்பவருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இல்லாமல் போயிற்று. மனைவியும் பிள்ளைகளும் அவரைத் தாண்டிக்கொண்டு போகவேண்டும். இந்தச் சங்கடத்துக்கு அஞ்சியே எழுந்து போகிறவர்கள் உண்டு என்பது என் எண்ணம்.

உரோமாபுரியின் ஏடுகளும் இரு பக்கமும் பார்க்கின்றன. பூசைக்கு வெளியே, அதற்கென்று குறித்த நேரத்தில் வரும்படி மக்களைப் பழக்கவேண்டும் என்றது 1967ஆம் ஆண்டு அறிவுரை. பூசைக்கு முன் குருக்கள் கண்ணில் படும்படி இருக்கவேண்டும், வேறு குருக்கள் இருந்தால் பூசை நேரத்திலும் கேட்கலாம் என்றார் இரண்டாம் யோவான் பவுல் 2002இல். 'வேறு குருக்கள் இருந்தால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நெரிசலில் பின்னால் நிற்பவர் காதில் ஏதேனும் விழுந்துவிட்டால், அதை இரகசியமாகக் காக்கும் கடமை அவருக்கும் உண்டு (விதி 983).

நம்மவருக்கு இன்னொரு தடை மொழி. விலைச்சீட்டையும் பேருந்துப் பலகையையும் ஆங்கிலத்தில் வாசித்துவிடும் என் பெரியம்மாவுக்குத் தன் மனக்குறையை ஆங்கிலத்தில் சொல்ல வராது. மொழிபெயர்ப்பாளர் வழியாகவும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று 990ஆம் விதி இடம் தருகிறது. ஆனால் பேரனை அருகில் வைத்துக்கொண்டு எந்தப் பாட்டி வாய் திறப்பார்? இது புதிய இடரும் அல்ல. முத்துக்குளித்துறைக்கு வந்த சேசு சபைக் குரு அன்றிக் அன்றீக்கஸ் தமிழ் கற்று, மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே மக்களோடு பேசினார். அவர் ஆக்கிய 'கொம்பெசியோனாயரு' என்னும் பாவசங்கீர்த்தன நூல் 1580இல் கொச்சியில் அச்சாயிற்று. தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களுள் அதுவும் ஒன்று.

குறித்த நேரம் போதாதவர்கள் வார நாளொன்றில் தனியாக நேரம் கேட்கலாம். நியாயமாகக் கேட்பவருக்கு வாய்ப்பளிப்பது ஆன்மப் பொறுப்பு ஏற்ற குருவின் கடமை என்று 986ஆம் விதி சொல்கிறது. பெரியம்மா அப்படித்தான் செய்கிறார்: தமிழ்க் குரு எப்போது வருவார் என்று தொலைபேசியில் விசாரித்து, அவர் வரும் அன்று பூசைக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுகிறார்.