பிக்கப் வண்டியின் காற்றுப்பைகள்

ட்ரெய்லரை மாட்டியதும் பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்து, ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குத்தான் காற்றுப்பை.

அமெரிக்காவில் 1954-இல் வந்த கிரேஹவுண்ட் சீனிக்ரூசர் பஸ்ஸே காற்று ஸ்பிரிங்கில்தான் ஓடியது. 1957-இல் காடிலாக் எல்டொராடோ புரோம் காரிலும் போட்டார்கள். அங்கே காற்று கசிந்தது. பலர் கழற்றிவிட்டுச் சாதாரணச் சுருள் ஸ்பிரிங் மாட்டிக்கொண்டார்கள். பாவம், அத்தனை விலை கொடுத்து!

பிக்கப்பில் பை பிழைத்ததற்கு, என் கணிப்பில், ஒரே காரணம்: அது லீஃப் ஸ்பிரிங்கின் இடத்தைப் பிடிக்காமல் துணைக்கு நின்றது. சுமை ஏற்றினால் காற்றடிக்கலாம், இறக்கினால் விடலாம். கசிந்தாலும் ஸ்பிரிங் தாங்கும்.

வண்டி நிமிர்ந்ததும் இன்னும் ஏற்றலாம் என்று தோன்றும். அச்சு, பிரேக், டயர் எல்லாம் பழையவைதானே? கதவோரம் ஒட்டியிருக்கும் எடை வரம்பு பையால் ஒரு பவுண்டுகூட ஏறாது.